கிடைக்காரர் தொடாத பந்து

கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் கோவில்பட்டியில் முதலில் சிரிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது சரி, உள்ளபடி என்ன செய்யுதீங்க?" என்பார்கள். மூன்று வருடமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கே என் தொழில்மேல் லேசான சந்தேகம் வந்துவிட்டது.

பத்தொன்பது வயதில் பசுவந்தனைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறியவன் நான். அங்கே ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்கினேன், பந்து பொறுக்கினேன், புல் வெட்டினேன், கடைசியில் பரீட்சை எழுதிப் பயிற்சியாளன் ஆனேன். இருபத்திரண்டு வருடம் பச்சைப் புல்லைத் தவிர வேறு தரையில் நின்றதே குறைவு. பிறகு மனைவிக்குக் கோவில்பட்டியில் நர்ஸ் வேலை போட்டார்கள். அரசாங்க வேலையை யாராவது விடுவார்களா? நான் என் வேலையை விட்டேன். பெண்டாட்டி பின்னால் வந்தவன் என்ற பட்டம் முதல் வாரத்திலேயே கிடைத்தது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. இடைசெவல் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, ஒரு கிராமத்தில் நிலம் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து உள்ளே நீளமாகப் போகிற நாலு ஏக்கர் கரிசல். நிலத்துக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் அளந்து பேசுகிறவர். மாசியில் பருத்தியும் உளுந்தும் எடுத்தபிறகு புரட்டாசி மழை வரைக்கும் நிலம் சும்மாதான் கிடக்கும். அந்த மாதங்களுக்கு நீ வைத்துக்கொள், மழை விழுந்ததும் உழுதுவிடுவேன் என்றார். சரி என்றேன். ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, அதன் கீழே நாலு பச்சை விரிப்பு விரித்தேன். அதில் நின்று பந்தை நிலத்தின் மறுகோடியை நோக்கி அடிக்க வேண்டும். தூரம் தெரிய ஐம்பது, நூறு, நூற்றைம்பது கெஜத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன்.

அதுதான் நான் செய்த முதல் தப்பு. இந்தப் பக்கத்தில் டேப்பும் கையுமாக வந்து கொடி நடுகிறவன் ஒன்று சோலார் கம்பெனி ஆளாக இருப்பான், இல்லையென்றால் காற்றாடிக்கு நிலம் பிடிக்கிற புரோக்கராக இருப்பான், அதுவும் இல்லையென்றால் நாலுவழிச் சாலைக்காரனாக இருப்பான். மூன்றாம் நாள் ஒருவர் மஞ்சப்பையில் பட்டாவோடு வந்து, தன் சர்வே நம்பர் இதில் வருகிறதா என்று பதவிசாகக் கேட்டார். நான் கோல்ஃப் என்றேன். கம்பெனி பெயர் அதுதானா என்று கேட்டுவிட்டு, நம்பாமலே போனார். பந்தை எந்தத் திசையில் அடிக்க வேண்டும் என்பதற்காகக் காலடியில் இரண்டு குச்சிகளை ரயில் தண்டவாளம்போலப் போடுவது எங்கள் வழக்கம். அதை எவனோ போனில் படம் பிடித்து, எல்லைக்கல் வைக்கிறார்கள் என்று ஊர் வாட்ஸப்பில் போட்டுவிட்டான். கொடிகளை வெள்ளையாக மாற்றினேன். இப்போது வேறு கம்பெனி வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

அவர்களைச் சொல்லி என்ன, நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் தொழிலே சந்தேகப்படுவதுதான். பந்தைப் பார்த்துத்தான் அடித்தேன் என்று சத்தியம் பண்ணுவார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். கையை இறுக்கவில்லை என்பார்கள், விரல் நகம் வெளுத்திருக்கும். இருபது வருடம் இதைப் பார்த்தவனுக்கு, எதிரில் நிற்கிறவன் வாய் திறந்தாலே இதில் எவ்வளவு பொய் என்றுதான் தோன்றும். வாயை நம்பாதே, கையைப் பார் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். மட்டையைப் பிடிக்கிற பிடியில் கோளாறு இருந்தால் மற்றதெல்லாம் கோளாறுதான். அதனால் யார் வந்தாலும் முதலில் உள்ளங்கையை விரிக்கச் சொல்வேன். காய்ப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் ஆள் எதை எப்படிப் பிடித்துப் பழகினவர் என்று தெரிந்துவிடும்.

முதலில் வந்த மாணவர் ஒரு பாய். கோவில்பட்டி பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். கொட்டகைக்குக் கம்பியும் வலையும் அவர் கடையில்தான் வாங்கினேன். என்ன ஏது என்று விசாரித்தவர், மறுநாள் விடியலில் சுபுஹு தொழுகை முடித்த கையோடு வண்டியில் வந்து இறங்கிவிட்டார். கையை விரிக்கச் சொன்னேன். கடப்பாரை விற்றே காய்த்த கை. மட்டையையும் கடப்பாரைபோலத்தான் பிடித்தார். இடது கை மேலே, வலது கை கீழே, வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலோடு கொக்கிபோட வேண்டும். பிடி கையில் இருக்கக்கூடாது, விரலில் இருக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒன்றரை வாரம் ஆனது. ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. இந்த வயதில், இந்த வெயிலில், ஒரு இரும்பு வியாபாரிக்கு கோல்ஃப் எதற்கு? கேட்டேன். "சும்மாதான் வாத்தியாரே" என்றார். கரிசல்காட்டில் எவனும் சும்மா எதையும் செய்ய மாட்டான். நிலத்தின் மேல் கண் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

பங்குனிக் கடைசியில் பக்கத்து நிலத்தில் ஆட்டுக்கிடை வந்து உட்கார்ந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுமந்தையை ராத்திரி அடைத்துப் போட்டால், புழுக்கையும் மூத்திரமும் விழுந்து மண்ணுக்கு உரமாகும். ஒரு நிலத்தில் சில நாள், அடுத்த நிலத்தில் சில நாள் என்று கிடை நகர்ந்துகொண்டே போகும். கிடைக்காரர் புதூர்ப் பக்கத்து ஆள். இருநூறுக்குக் குறையாத செம்மறி, மனைவி, மடக்குக் கட்டில், குட்டிகளைக் கவிழ்த்து மூடுகிற பெரிய கூடுகள், இவ்வளவுதான் அவர் குடித்தனம். வேற்றூர் மனுஷனை நம்பி விளைகாட்டுக்குப் பக்கத்தில் விடுகிற காரியம் என்பதால் கிடைக்குப் பெயர்தான் முதல். கைசுத்தமில்லாதவன் என்று ஒரு ஊரில் பேச்சு வந்தால் அடுத்த ஊரில் கிடை போட ஆள் கூப்பிட மாட்டார்கள். கோடை முழுக்க ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லாமல் போகும்.

என்னிடம் சந்தேகப்படாமல் பேசிய ஒரே ஆள் அவர்தான். முதல் நாளே வந்து, ஆடு ஓட்டுகிற கட்டையை ஊன்றி நின்று, பாய் அடிப்பதை முழுசாகப் பார்த்தார். "காலை அகட்டி வைக்கச் சொல்லுங்க தம்பி, ஆடு முட்டினா விழுந்துருவாரு" என்றார். சரியான யோசனை. நானும் அதையேதான் இங்கிலீஷ் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மந்தைக்குள் பந்து போய் விழுந்தால் எடுத்து, ஒரு கல்லை விட்டெறிகிற லாகவத்தில் கொட்டகைக்கே எறிவார். அவர் எறிந்த பந்துகள் எங்கள் ஆட்கள் அடித்த பந்துகளைவிட நேராக வரும்.

சித்திரை பிறந்தது, பந்து குறைய ஆரம்பித்தது. பெங்களூர் கிளப் கழித்துப் போட்ட மஞ்சள் பந்துகள் நாலு சாக்கு கொண்டுவந்திருந்தேன். தினமும் வெயில் தாழ நிலம் முழுக்க நடந்து பொறுக்குவேன். வைகாசி நடுவில் ஒரு சாக்கு காலி. இந்தப் பந்து இந்தப் பக்கத்தில் எங்கும் கிடைக்காது. பந்து தீர்ந்தால் கொட்டகையை மூட வேண்டியதுதான். நான் ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தேன். பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களின் பைகளைப் பார்த்தேன். டீக்கடைக்காரரின் கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பாய் தொழப் போன நேரத்தில் அவர் வண்டி டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஆணி டப்பாவும் தொப்பியும் இருந்தன. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

ஆனி மாதம், கிடை ஊர் நிலங்களைச் சுற்றி மறுபடி பக்கத்து நிலத்துக்கு வந்திருந்த ஒரு காலையில், கிடைக்காரரின் மனைவி குட்டிக்கூட்டை நிமிர்த்தினார். குட்டிகள் ஓடியபிறகு அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பந்து கிடந்தது. நான் ஐம்பதடி தூரத்தில் நின்றிருந்தேன். போய் எடுத்தேன். குட்டி உருட்டிக்கொண்டு வந்திருக்கும், நேற்றே பார்த்தேன், கொடுக்க மறந்துவிட்டேன் என்று அந்த அம்மா சொன்னார். நான் அவர் கையைப் பார்த்தேன். கை நடுங்கியது. காய்ச்சலில் இருந்தார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு நடுக்கம் எனக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

டீக்கடையில் போய்ச் சொன்னேன். ஒரு சாக்குப் பந்தைக் கிடைக்காரர் எடுத்துவிட்டார் என்றேன். அவர் அதை வைத்து என்ன செய்வார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் பாய் மட்டும் மட்டையைத் துடைத்தபடி, "அவரு எடுத்ததை நீங்க பாத்தீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார். பந்து அவர் கூட்டில் இருந்ததைப் பார்த்தேன் என்றேன். "நான் கேட்டது அதில்ல" என்றார். இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவர்மேல் இன்னும் ஒரு படி சந்தேகம் ஏறியது.

விஷயம் நிலத்துக்காரர் காதுக்குப் போனது. இந்த ஊர்களில் இதற்கு ஒரு வழி உண்டு. போலீஸ், பஞ்சாயத்து என்று இழுக்க மாட்டார்கள். காளியம்மன் கோயில் முன்னால் சூடம் கொளுத்துவார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நான் எடுக்கவில்லை என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அமுக்கி அணைப்பார். அணைத்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. சாட்டியவனும் அதற்குமேல் வாய் திறக்கக்கூடாது. அதுதான் அதன் முக்கியமான பாதி. கேட்டவனுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சத்தியம்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றோம். கிடைக்காரர் குளித்து, துவைத்த வேட்டி கட்டி வந்திருந்தார். கட்டி கட்டியாக நாலைந்து சூடம் சேர்த்து வைத்து ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மனைப் பார்த்து, "எடுக்கலை. எம் பொண்டாட்டியும் எடுக்கலை" என்று சொல்லி வலது உள்ளங்கையைத் தீயின்மேல் வைத்து அழுத்தினார். கையை உடனே எடுக்கவில்லை. புகை அடங்கியபிறகுதான் எடுத்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டார்.

அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பந்து குறைந்தது. எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டு, "சூடத்துக்கெல்லாம் பயப்படுற காலமா இது?" என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் நன்றாயிருக்கும். அந்த வாரத்துக்குள் அடுத்துக் கிடை போடச் சொல்லியிருந்த மூன்று பேரும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ள காரணத்தை எவரும் சொல்லவில்லை; மண்ணுக்கு உரம் போதும் என்றார்களாம். கிடைக்காரர் ஒரு விடியலில் கூடுகளைத் தலைமாற்றி அடுக்கி, கட்டிலை மடக்கி, மந்தையை ரோட்டில் ஏற்றினார். கொட்டகையைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. குற்றமுள்ளவன் எப்படிப் பார்ப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் போனபிறகும் பந்து குறைந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நின்று யோசித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆள் வைத்து எடுக்கிறார் என்று நினைத்தேன். பாய், "அவிய போயி பத்து நாளாச்சே" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவியமேல் உங்களுக்கு என்ன இவ்வளவு பாசம், முதலில் நீங்கள் எதற்கு இங்கே வருகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டேன்.

பாய் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். மகளை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். போன வருடம் பார்க்கப் போனபோது சம்பந்தி தன் கோல்ஃப் கிளப்புக்குக் கூட்டிப்போனாராம். எல்லோரும் ஆளுக்கு ஒன்று அடித்தார்கள். இவர் கையிலும் மட்டையைக் கொடுத்தார்கள். மூன்று தடவை வீசியும் பந்து இடத்தைவிட்டு நகரவில்லை. சிரித்தவர்களில் மருமகனும் உண்டு. மகள் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரே ஒரு பந்து நேராப் போனாப் போதும் வாத்தியாரே. அவ முன்னால" என்றார். நான் அவர் டிக்கியைத் திறந்து பார்த்தவன்.

வெட்கப்பட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வெட்கம் பாயோடு நின்றுவிட்டது. கிடைக்காரர் வரைக்கும் போகவில்லை.

புரட்டாசியில் இரண்டு நல்ல மழை. ஒப்பந்தப்படி விரிப்பைச் சுருட்டிக் கொடிகளைப் பிடுங்கினேன். ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டிய டிராக்டரை நிலத்துக்காரர் இறக்கினார். நான் கொட்டகையில் மட்டைகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நூறு கெஜம் தாண்டியதும் டிராக்டர் நின்றது. டிரைவர் சீட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு கையைக் காட்டினார். ஓடிப்போனோம். உழவுசாலில் களிமண் அப்பிய உருண்டைகள், கொத்துக் கொத்தாக. பாம்பு முட்டை, பெரிய பாம்பாக இருக்கும், நான் இறங்க மாட்டேன் என்றார் டிரைவர். நிலத்துக்காரர் கம்பால் ஒன்றைப் புரட்டினார். மண் உதிர்ந்தது. உள்ளே மஞ்சள்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை, வைகாசியில் வெடிப்புக்குள் கணுக்கால் போகும். காற்றடித்தால், ஆடு மிதித்தால், ஓரத்துப் பொடிமண் சரிந்து உள்ளே விழுந்ததை மூடிவிடும். மழை பெய்தால் வெடிப்பு தானே சேர்ந்துகொள்ளும். இது பள்ளிக்கூடத்தில் படித்த சமாச்சாரம் இல்லை. என் அம்மா களையெடுக்கையில் மூக்குத்தித் திருகாணி வெடிப்புக்குள் விழுந்து, அப்பா ஒரு சால் விடாமல் உழுது தேடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அருவாள் விழும், சாவி விழும், கோழிக்குஞ்சு விழும். கரிசலில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் சாயங்காலம் அந்த வெடிப்புகளைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். புல்தரையில் பந்து காணாமல் போனால் யாரோ எடுத்திருப்பார்கள் என்று பெங்களூரில் பழகிவிட்டது. மண்ணை விட்டுவிட்டு மனுஷனைச் சந்தேகப்பட்டேன். அந்த உழவுசாலில் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் பாம்புதான் கடித்துவிட்டது என்று பயந்துபோனார்.

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிடைக்காரரைத் தேடினேன். பசுவந்தனையில் கேட்டேன், இப்படித்தான் போனார் என்றார்கள். இன்னும் இரண்டு ஊரில் கேட்டேன். கடைசியில் புதூர் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் அவரைப் பார்த்தேன். மந்தை பாதிதான் இருந்தது. மேய்ச்சல் கிடைக்காமல் மீதியை விற்றுவிட்டதாக அவர் மனைவி சொன்னார். நான் பந்தை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று கோர்வையாக ஞாபகம் இல்லை. காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய தம்பி? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமே" என்றார். "சொன்ன எடத்துல போயிச் சொல்லுங்க."

சொன்ன இடத்துக்குப் போனேன். களிமண் காய்ந்த பந்துகளை ஒரு வாளி நிறைய டீக்கடை பெஞ்சின்மேல் வைத்து, தப்பு என்னுடையது, பந்து மண்ணுக்குள் இருந்தது, அவர் எடுக்கவில்லை என்றேன். வாளியை ஆளுக்காள் எட்டிப் பார்த்தார்கள். உழுததைக் கண்ணால் பார்த்த நிலத்துக்காரரே முதலில் வாயைத் திறந்தார். "பயந்துபோயிக் கொண்டாந்து பொதைச்சிருப்பான்" என்றார். பெஞ்சில் தலைகள் ஆடின. ஆமாம், பொய்யாகச் சூடம் அணைத்த கை சும்மா விடுமா என்றார் ஒருவர். அவன் என்னைப் புதூரில் வைத்து மிரட்டியிருப்பான் என்றார் இன்னொருவர். நான் பைக்கில் அந்தப் பக்கம் போனதைப் பார்த்தவர் இருந்தாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே காளியம்மன் முன்னால் சூடம் கொளுத்தினேன். வேடிக்கை பார்க்கவாவது ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பாய் ரோட்டுக்கு அந்தப்பக்கம் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். அவர் எடுக்கவில்லை என்று சொல்லிக் கையை வைத்தேன். சொல்கிறேன், அது சாதாரணச் சூடு இல்லை. நான் உடனே எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை வைத்துத்தான் அணைக்க முடிந்தது. நிலத்துக்காரர் என் தோளில் தட்டினார். அவர் கெட்டவர் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

"விடுங்க. சூடத்துக்கெல்லாம் பயப்படுற காலமா இதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

என்னுடைய வார்த்தை அந்த ஊரில் அவ்வளவு நன்றாக வேர் பிடித்திருந்தது. கொப்புளம் ஆறும்வரை மூன்று வாரம் என்னால் மட்டை பிடிக்க முடியவில்லை. கொட்டகையில் பந்தில்லாமல் வெறும் மட்டை வீசிப் பழகிய பாய்க்கு வாயால்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த மாசியில் மறுபடியும் விரிப்புப் போட்டோம். இந்தத் தடவை வெடிப்பு விடுவதற்கு முன்பே பழைய மீன்வலைகளைத் தரையில் விரித்தேன். பந்து குறையவில்லை. பங்குனியில் ஒரு காலை. பாய் மகளைப் பார்க்க வெளிநாடு போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. ரோட்டில் மணிச்சத்தம் கேட்டது. கிடைக்காரர்தான். மந்தை இன்னும் சிறுத்திருந்தது. அந்த ஊருக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அதைத் தாண்டி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தார். பாய் அதே நேரத்தில் மட்டையை வீசினார். பந்து வலது பக்கம் சிதறி, கொட்டகைக் கம்பியில் மோதித் திரும்பி, ரோட்டில் குதித்து, ஆடுகளுக்கு முன்னால் உருண்டு நின்றது.

போன வருடம் இதே ஆள் எத்தனை பந்தை எடுத்து எறிந்திருக்கிறார். எனக்குள் ஒரு ஆசை, வெட்கமில்லாத ஆசை. கொட்டகையில் நின்றபடியே, "எடுத்துப் போடுங்க அண்ணாச்சி" என்று கத்தினேன்.

அவர் எடுக்கவில்லை. கட்டையைக் குறுக்கே நீட்டி மந்தையை நிறுத்தினார். ஒரு குட்டி பந்தை முகரப் போனது; அதைக் காலால் ஒதுக்கிவிட்டார். மனைவியையும் தள்ளி நிற்கச் சொன்னார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து என்னமோ சொன்னார். அவர் நகரவில்லை. நான் ஓடினேன். நான் வந்து சேரும்வரை பந்துக்கு மூன்றடி தள்ளி அப்படியே நின்றார்.

"இங்கன கெடக்கு தம்பி. பாத்துக்கிடுங்க" என்றார். கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் கேட்காமலே இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டினார். வலது கையின் நடுவில் எட்டணா அகலத்துக்குத் தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. "நாங்க தொடலை."